படித்துப் பார்க்காத நாற்பத்தொரு டேப்புகள்

1

இந்தக் கதை என் கணினி படுத்துவிட்ட வாரத்தில் எனக்குக் கிடைத்தது. பாதி எழுதிய நாவல் ஒன்று அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தது. எங்கள் குடும்பத்தில் யாருடைய கணினிக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும் தூக்கிக்கொண்டு ஓடுவது அண்ணியிடம்தான். அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் இருபது வருடமாகக் கணினிப் பொறுப்பாளர். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் பையில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அண்ணி அதைப் பிரித்து, ஒரு துணியால் துடைத்தபடியே கேட்டார்: “காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா தம்பி?”

“வச்சிருக்கேன் அண்ணி. தனியா ஒரு டிஸ்க்ல.”

“அதை ஒரு தடவையாவது திறந்து பாத்தீங்களா?”

இல்லை. எடுத்து வைத்ததோடு சரி. அதைச் சொன்னதும் அண்ணி என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, மத்தியானம் வரைக்கும் சொன்னார்.

எழுதலாமா என்று கேட்டேன். மூன்று நிபந்தனை போட்டார். ஊர், ஆஸ்பத்திரி பேர் எதுவும் வரக்கூடாது. மனிதர்களின் பேரும் வரக்கூடாது. மூன்றாவதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: “என்னை நல்லவளாக்கிடாதீங்க.”

(நாவல் பிழைத்துக்கொண்டது. அது அவ்வளவு பெரிய நாவலும் இல்லை.)

2

முதல் வரிக்கு மூன்று நாள் போராடினேன். அடித்துப் போட்டவற்றில் இரண்டை மட்டும் காட்டுகிறேன்.

அடித்தது ஒன்று: “ஒரு டேப்பின் நீளம் நூற்றைம்பது மீட்டர், அதன் அகலம்—” 

வாசகர் இங்கேயே கொட்டாவி விடுவார்.

அடித்தது இரண்டு: “அந்த அறைக்குள் வருடம் முழுக்கக் குளிர்காலம்.” 

இது அழகாக இருக்கிறது. அதனாலேயே அடித்தேன். அண்ணி அந்த அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மூக்கை உறிஞ்சியபடி வேலை பார்த்தவர். அழகு பார்க்க அவருக்கு ஏது நேரம்?

ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு அறுபது எழுபது பேருக்கு ஸ்கேன் எடுப்பார்கள். படங்களெல்லாம் சர்வரில் போய்ச் சேரும். சர்வர் நிரம்பிவிடும் என்பதால் மூன்று வருடத்துக்கு முந்தைய படங்களை அழித்துவிடுவார்கள். அழித்தாலும் பயமில்லை, ஏனென்றால் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த வாரத்துப் படங்களை அண்ணி ஒரு டேப்பில் ஏற்றிவிடுவார். உள்ளங்கையில் அடங்கும் டேப். இரும்பு அலமாரியில் ஐந்நூற்றுச் சொச்சம் டேப்புகள், ஒவ்வொன்றின் முதுகிலும் அண்ணியின் கையெழுத்தில் தேதி. ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேரே ‘டேப் அக்கா’தான்.

அந்த வருடம் டேப்பை விட்டுவிட்டு டிஸ்க்குக்கு மாறுவது என்று மேலிடத்தில் முடிவானது. ஓர் ஆள் உயர அலமாரி வந்து இறங்கியது. உள்ளே வரிசை வரிசையாக டிஸ்க்குகள். இனி வெள்ளிக்கிழமைக் காத்திருப்பு கிடையாது. படம் எடுத்த கையோடு அதில் நகல் போய் உட்கார்ந்துவிடும். வேண்டியது வேண்டிய நொடியில் கிடைக்கும். அண்ணிக்குச் சந்தோஷம்தான். “இனிமே டிஸ்க் அக்கான்னு கூப்பிடணுமா?” என்று ஸ்கேன் அறைப் பெண்கள் கேலி செய்தபோது, “சம்பளம் அதே ஆள் பேருக்கு வந்தா சரி” என்றாராம்.

ஒரே ஒரு வேலை பாக்கி. பழைய டேப்புகள் அத்தனையையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டு டிஸ்க்குக்கு மாற்ற வேண்டும். ஒரு டேப் ஓட இரண்டு மணி நேரம். டேப்பைப் படிக்கும் மெஷின் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. புதியதிலிருந்து பழையதை நோக்கி மாற்றிக்கொண்டே வந்தார் அண்ணி.

3

இனி ஓட்டுநர் வருகிறார். பஸ் ஓட்டுநர்.*

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவர் ஓட்டிய பஸ் ஒரு லாரியின் பின்னால் மோதி, ஸ்டியரிங் அவர் நெஞ்சில் அடித்தது. இதே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். விலா எலும்பு இரண்டில் விரிசல் விட்டிருந்தது, கட்டினார்கள், சேர்ந்துவிட்டது. இப்போது விடாத இருமலுக்காக மறுபடி ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் பட்டாணி அளவுக்கு ஒரு புள்ளி.

ஸ்கேன் பிரிவுத் தலைவரை எல்லோரும் டாக்டரம்மா என்பார்கள். டாக்டரம்மா ஓட்டுநரிடம் மூடி மறைக்காமல் சொன்னார். இந்தப் புள்ளி ஒன்பது வருடத்துக்கு முன்பும் இதே அளவில் இருந்திருந்தால் பயமே இல்லை, ஏதோ பழைய தழும்பு, அப்படியே விட்டுவிடலாம். அப்போது இல்லாமல் இப்போது வந்திருந்தால் நெஞ்சைத் திறந்து எடுத்தாக வேண்டும். இடமோ ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில். ஊசி விட்டுப் பார்க்கவும் முடியாது. ஆபரேஷனுக்குப் பதினான்கு நாள் கழித்து ஒரு தேதி குறித்தாகிவிட்டது. அதற்குள் பழைய படம் கிடைக்குமா?

“டேப் அக்காகிட்ட இருக்கும்” என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

ஓட்டுநர் ஒரு பிளாஸ்டிக் கவரில் ஒன்பது வருடத்துக்கு முந்தைய ரசீதைக்கூடப் பத்திரமாக வைத்திருந்தார். படத்தைத்தான் வீடு மாறும்போது தொலைத்துவிட்டார்கள். அண்ணி ரசீதில் தேதியைப் பார்த்தார். அலமாரிக்குப் போனார். டேப்பை எடுத்து மெஷினில் போட்டார்.

மெஷின் அதை விழுங்கி, முன்னும் பின்னும் உருட்டிப் பார்த்து, துப்பிவிட்டது. 

மறுபடி போட்டார். மறுபடி துப்பியது.

அதற்கு முந்தைய வாரத்து டேப். அதையும் படிக்கவில்லை. அடுத்த வாரத்தது. அதுவும் இல்லை. அரை வருடம் தள்ளி ஒன்றை எடுத்துப் போட்டார். கடகடவென்று படித்தது. மெஷினில் கோளாறு இல்லை.

நான் முதலில் இந்த இடத்தில், “அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது” என்று எழுதினேன். அண்ணி படித்துவிட்டு அந்த வரியைக் கையாலேயே மறைத்தார். “தூக்கிவாரியெல்லாம் போடல தம்பி. என்னைக்கோ ஒரு நாள் வரும்னு தெரியும். வந்துடுச்சுன்னு இருந்தது.”

* பஸ் ஓட்டுநர் இல்லை. நிபந்தனையின்படி தொழிலை மாற்றியிருக்கிறேன். உண்மையான தொழிலிலும் நேரத்துக்குப் போக வேண்டும், பின்னால் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். அவ்வளவுதான் சொல்லலாம்.

4

அண்ணி அந்த வருடத்துப் பதிவேட்டை எடுத்தார். நீள நோட்டு. ஒவ்வொரு வெள்ளிக்கும் ஒரு வரி: தேதி, டேப் எண், எழுதியாயிற்று, படித்துப் பார்த்தாயிற்று. கடைசி இரண்டு கட்டத்திலும் டிக்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்தக் காலத்தில் இரண்டு மெஷின்கள் இருந்தன. முதல் மெஷினில் டேப்பை எழுத வேண்டும். எழுதி முடித்ததும் அதை எடுத்து இரண்டாவது மெஷினில் போட்டு, முழுக்கப் படித்துப் பார்க்க வேண்டும். எழுத இரண்டு மணி நேரம், படிக்க இரண்டு மணி நேரம். ஒரே மெஷினில் எழுதி அதிலேயே படித்தால் போதாது. எழுதும் தலை ஒரு மயிரிழை சாய்ந்துபோயிருந்தால் அது எழுதுவதும் சாய்வாகத்தான் இருக்கும். சாய்ந்த தலை தன் சாய்வான எழுத்தைச் சிரமமில்லாமல் படித்துவிடும். வேறொரு மெஷினுக்குத்தான் அது புரியாது. அதற்காகத்தான் இரண்டாவது மெஷின்.

பதிவேட்டில் முதல் வரிகளில் இரண்டு டிக்கும் நீல மையில். நடுவில் ஐந்து வாரம், முதல் டிக் நீலம், இரண்டாவது டிக் கறுப்பு. அதாவது மறுநாள் சனிக்கிழமை வந்து, வேறு பேனாவால் போட்டது. அதற்குப் பிறகு நாற்பத்தொரு வாரம் இரண்டு டிக்கும் ஒரே மையில், ஒரே இழுப்பில், பக்கத்தில் பக்கத்தில். எழுதிய கையோடு படித்துப் பார்த்ததாகவும் போட்டுவிட்டு எழுந்துபோன டிக்.

அந்த நாற்பத்தொரு டேப்பும் படிக்கவில்லை. ஓட்டுநரின் டேப் அதில் பதினேழாவது.

ஏன் அப்படிச் செய்தார்? வாசகர் கேட்பார், கேட்கத்தான் வேண்டும். 

என் முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: “அந்தச் சமயம் குடும்பச் சூழ்நிலை காரணமாக அவர் மாலையில் சீக்கிரம் வீடு திரும்ப வேண்டியிருந்தது. எனவே—”

5

அந்த வரியை முடிக்க முடியாமல் பத்து நாள் எழுதாமல் இருந்தேன்.

குடும்பச் சூழ்நிலை என்றால் என் அம்மா.

அம்மாவுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அண்ணன் வீட்டில் படுக்கையில் இருந்தார். பகலில் பார்த்துக்கொள்ளும் பெண்மணி ஐந்து மணி அடித்தால் கிளம்பிவிடுவார். அவருக்கும் வீடு இருக்கிறது. அண்ணனுக்கு வேலை முடிந்து வர எட்டாகும். ஆகவே ஐந்து மணிக்கு அம்மாவின் கட்டில் பக்கத்தில் அண்ணி இருக்க வேண்டும். டேப் எழுதி முடிவது நாலு மணிக்கு. படித்துப் பார்த்தால் ஆறு. சனிக்கிழமை வந்து பார்க்கலாம் என்று ஐந்து வாரம் பார்த்தார். பிறகு சனிக்கிழமைகளில் அம்மாவைப் பயிற்சிக்கு அழைத்துப்போக வேண்டியதாயிற்று. சக்கர நாற்காலியில் வைத்து, டாக்ஸியில் ஏற்றி, இறக்கி.

“திங்கக்கிழமை பாக்கலாம்னு நினைச்சேன். திங்கக்கிழமை வேற வேலைக்கு அந்த மெஷின் வேணும். ஒரு வாரம் விட்டேன். ஒண்ணும் ஆகல. அப்புறம் பழகிடுச்சு” என்றார் அண்ணி. 

அப்போது நான் எங்கே இருந்தேன் என்று அண்ணி சொல்லவில்லை. நானும் முதல் பிரதியில் சொல்லவில்லை. நான் நாலு மணி நேரப் பயணத் தொலைவில், ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து என் முதல் நாவலை எழுதிக்கொண்டிருந்தேன். வேலை வெட்டி கிடையாது. ஐந்து மணிக்கு எனக்காக யாரும் காத்திருக்கவில்லை. அந்தப் பத்து மாதத்தில் ஆறு தடவை வந்து அம்மாவைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது, “ஏதாவது வேணும்னா சொல்லுங்க அண்ணி” என்பேன். அவர் சொல்லவில்லை. சொல்லமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த நாவலின் முதல் பக்கத்தில், “அம்மாவுக்கு” என்று போட்டிருக்கிறேன். விமர்சகர் ஒருவர் அந்த ஒற்றைச் சொல்லைக்கூடப் பாராட்டியிருந்தார்.

(இந்தப் பகுதியை அண்ணியிடம் காட்டவில்லை. காட்டினால் எடுத்துவிடச் சொல்வார்.)

இன்னொன்றும் உண்டு. இதை அண்ணி தானாகவே சொன்னார். அம்மா இறந்து, காரியங்களெல்லாம் முடிந்து, அவர் வேலைக்குத் திரும்பிய முதல் வெள்ளிக்கிழமை ஆறு மணி வரை இருந்து டேப்பை இரண்டாவது மெஷினில் போட்டார். படிக்கவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டார். முதல் மெஷினின் தலை சாய்ந்துவிட்டது, இனி தேறாது என்று சொல்லி அவர் அதைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரத்துப் படங்கள் சர்வரில் இருந்ததால் இரண்டாவது மெஷினிலேயே வேறு டேப்பில் ஏற்றிக்கொண்டார். முந்தைய டேப்புகளை மட்டும் எடுத்துப் பார்க்கவில்லை. அன்றைக்கே பார்த்திருக்கலாம், மூன்று வருடம் ஆகாததால் எல்லாப் படங்களும் சர்வரில் பத்திரமாக இருந்தன. நாற்பத்தொன்றையும் புதிதாக எழுதியிருக்கலாம்.

“தலை இந்த வாரம்தான் சாஞ்சுதுன்னு நினைச்சுக்கிட்டீங்களா அண்ணி?”

“அப்படித்தான் நினைச்சேன்னு சொல்லணும்னு ஆசையா இருக்கு” என்றார். “பழசும் போயிருக்குமோன்னு தோணிச்சு தம்பி. அப்ப அத்தை போய்ப் பதினஞ்சு நாள்தான் ஆயிருந்தது. அந்த அலமாரியைத் திறந்து பாக்கற தெம்பு இல்ல.”

6

இனிக் கதை வேகமாகப் போகும்.

அண்ணி முதலில் போன் செய்தது அந்த மெக்கானிக்குக்கு. ‘திருகாணி’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். மேல்சட்டைப் பையில் எப்போதும் நாலு திருகாணி கிடந்து சலசலக்கும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கொண்டுபோன மெஷினை அவர் எப்போதோ உடைத்து, உதிரிகளை விற்றுவிட்டார். ஆனால் ஒரு வழி சொன்னார். இப்போது ஓடுகிற மெஷினின் தலையைப் பிடித்திருக்கும் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, பழைய சாய்வுக்குக் கொண்டுவரப் பார்க்கலாம். அகப்பட்டால் படிக்கும்.

“அகப்படலன்னா?”

“அகப்பட்டாலும் சரி, படாட்டியும் சரி, அதுக்கப்புறம் நல்ல டேப்பை அது படிக்கும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன். இந்த மாடலுக்கு இப்ப தலை எங்கயும் கிடைக்காது.”

நல்ல டேப்புகள் இன்னும் ஐம்பத்தைந்து மாற்றப்படாமல் இருந்தன. ஓட்டுநர் ஒருவருக்காக மெஷினைத் திருகினால் அந்த ஐம்பத்தைந்து டேப்பில் இருக்கிற ஆயிரக்கணக்கான பேரின் படங்கள் போய்விடலாம். முதலில் அவற்றை முடித்தாக வேண்டும். வழக்கமாக நாளுக்கு மூன்று டேப் ஓடும். அந்த வேகத்தில் போனால் ஆபரேஷன் முடிந்துவிடும். நாளுக்கு ஐந்து ஓட்டினால் பதினொரு நாள்.

டாக்டரம்மாவிடம் போய் அனுமதி கேட்டார். “டேப் ரொம்பப் பழசு டாக்டர், படிக்க மாட்டேங்குது. ஒரு முயற்சி பண்ணிப் பாக்கறோம்” என்றார். டாக்டரம்மா உடனே கையெழுத்துப் போட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. அண்ணியும் வேறொன்றும் சொல்லவில்லை.

காலை ஆறரைக்கு முதல் டேப். ஸ்கேன் பிரிவின் விளக்கைப் போடுவதே அண்ணி என்றானது. இரண்டு மணிக்கொரு முறை டேப்பை மாற்றுவார். இடையில் தன் வழக்கமான வேலை. ஞாயிற்றுக்கிழமையும் போனார். அண்ணன் காலையில் எழுந்து டிபன் கட்டிக் கொடுத்தார். என்ன விஷயம் என்று அவருக்கும் தெரியாது.

ஓட்டுநர் தினமும் வந்தார். வரச் சொல்லவில்லை, அவருக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. நடைக்கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, அண்ணி வெளியே வரும்போது, “இன்னும் எத்தனைம்மா?” என்பார். முப்பத்தெட்டு, முப்பத்து மூன்று என்று அண்ணி சொல்வார். ஒரு நாள் அவர் தன் டேப்பைப் பார்க்கக் கேட்டார். கையில் கொடுத்தார்கள்.

“இதுல நான் எங்க இருக்கேன்?”

உங்களுக்கு முன்னால் அந்த வாரம் ஸ்கேன் எடுத்தவர்கள் எல்லோரையும் தாண்டித்தான் உங்களிடம் வர முடியும், டேப் அப்படித்தான் என்று அண்ணி விளக்கினார். 

“அப்ப எல்லா ஸ்டாப்புலயும் நின்னுதான் போகும். டிஸ்க்குன்னா எக்ஸ்பிரஸ்ஸு” என்றார் ஓட்டுநர். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது.

அவர் நல்லவிதமாகப் பேசப் பேச அண்ணிக்கு, ஒரு தடவையாவது எரிந்து விழமாட்டாரா என்று இருந்ததாம்.

பன்னிரண்டாம் நாள் காலை ஒன்பது மணிக்குத் திருகாணி வந்தார். மெஷினின் மூடியைக் கழற்றி, கடிகாரக்காரர் போல ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டார். அவர் திருகுவார், அண்ணி திரையைப் பார்த்து, “இல்ல” என்பார். திருகுவார். “இல்ல.” பதினொரு மணி வரை அண்ணி சொன்ன ஒரே சொல் அதுதான். 

பிறகு ஒரு திருகலுக்கு, திரையில் ஓர் எண் நகர்ந்தது.

“கையை எடுத்துடுங்க” என்றார் அண்ணி. “அப்படியே விட்டுடுங்க. மூச்சுகூட விடாதீங்க.”

7

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

முதல் முடிவில், டேப் பாதியில் அறுந்துபோகும். ஓட்டுநரை ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அண்ணி கதவோரம் நிற்பார். இது வாசகரை அடித்து அழவைக்கும் வேலை.

இரண்டாவதில், படம் கிடைக்கும். அதில் புள்ளி இருக்காது. அதாவது ஆபரேஷன் தேவைதான். அண்ணியின் பாடு வீண் போகவில்லை, ஆனாலும் நல்ல சேதி இல்லை. இது என் இலக்கிய நண்பர்களுக்குப் பிடிக்கும்.

மூன்றாவது நடந்தது. டேப் திக்கித் திணறி ஓடியது. கொஞ்சம் படங்கள் கெட்டுப்போயிருந்தன. ஓட்டுநரின் நெஞ்சுப் படங்கள் முழுசாக வந்தன. டாக்டரம்மா பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவுகோலை இழுத்து, இரண்டு தடவை அளந்தார். அதே இடம். அதே பட்டாணி. ஒன்பது வருடமாக அசையவில்லை. அன்றைக்கு எல்லோரும் விலா எலும்பையே பார்த்துக்கொண்டிருந்ததில் அதை யாரும் கவனிக்கவில்லை.

ஆபரேஷன் ரத்து. இருமலுக்கு மருந்து.

நடந்ததை எழுதினால், “சுபமாக முடித்துவிட்டாரே” என்பார்கள். சொல்லட்டும். ஆனால் கதை அங்கே முடியவில்லை.

8

ஓட்டுநர் நன்றி சொல்ல அண்ணியின் அறைக்கு வந்தார். கைகூப்பினார். “நீங்க மட்டும் இல்லன்னா என்னை அறுத்திருப்பாங்கம்மா” என்றார்.

அண்ணியால் அதைத் தாங்க முடியவில்லை. உட்காரச் சொன்னார். பதிவேட்டை விரித்து, இரண்டு டிக்கையும் விரல் வைத்துக் காட்டினார். “இது நான் போட்டது. படிச்சுப் பாக்காமலே போட்டது. அன்னைக்கு நான் ஒழுங்காப் பாத்திருந்தா நீங்க வந்த அன்னைக்கே படம் கிடைச்சிருக்கும். இத்தனை நாள் நீங்க வெளிய உக்காந்திருக்க வேண்டியதில்ல.”

என் பிரதியில் ஓட்டுநர் இங்கே நெகிழ்ந்து, “போகட்டும்மா, யார்தான் தப்பு பண்ணல” என்று சொன்னார். நல்ல வசனம். எழுதியபோது எனக்கே கண் கலங்கியது.

அண்ணி அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். “அவர் மன்னிக்கல தம்பி. அப்படி எழுதாதீங்க.”

நடந்தது இது. ஓட்டுநர் அந்த இரண்டு டிக்கையும் கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் மாறியது. 

“பன்னெண்டு நாளா என் வீட்டுக்காரி சாப்பிடல” என்றார். “பிள்ளைங்களைக் கூப்பிட்டு வச்சு, வீட்டுப் பத்திரம் எங்க இருக்குன்னு காட்டினேன். இந்த ஒரு டிக்குக்காக.” 

பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாற்காலியைக்கூடத் திரும்ப நகர்த்தி வைக்கவில்லை.

ஏன் சொன்னீர்கள், சொல்லாமல் இருந்திருந்தால் நல்ல பேரோடு போயிருக்குமே என்று கேட்டேன். “நன்றி சொன்னாரே, அதை எங்க கொண்டு போய் வைக்கிறது?” என்றார் அண்ணி.

ஒரு மாதம் கழித்து ஓட்டுநர் மருந்து வாங்க வந்தபோது நடைக்கூடத்தில் எதிர்ப்பட்டார். புன்னகை இல்லை. தலையை மட்டும் லேசாக அசைத்தார். தாண்டிப் போனவர் திரும்பி வந்து கேட்டார்: “அந்த மத்த டேப்பெல்லாம்? அதுல இருக்கறவங்களுக்குச் சொல்லியாச்சா?”

9

மற்ற டேப்புகளின் கதை: திருகாணி திருகி வைத்த அதே சாய்வில் மெஷின் மேலும் ஐந்து வாரம் ஓடியது. நாற்பத்தொன்றில் முப்பது டேப் மீண்டது, சில முழுசாக, சில அரைகுறையாக. பதினொன்று எந்தத் திருகலுக்கும் அசையவில்லை. அவற்றில் நாலாயிரம் பேருக்குக் கொஞ்சம் குறைவு. அவர்களின் படம் உலகத்தில் எங்கும் இல்லை. பெரும்பாலோருக்கு அது தேவைப்படவும் போவதில்லை. ஒருவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. நாலு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு பெண்மணி பழைய படம் கேட்டு விண்ணப்பம் கொடுத்திருந்தார். அண்ணி டேப்பைப் போட்டுப் பார்த்திருக்கிறார், படிக்கவில்லை, ‘டேப் பழுது’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார். விண்ணப்பத்தில் போன் நம்பர் இருக்கிறது. அந்தப் பெண்மணி என்ன ஆனார் என்று தெரியாது.

டிஸ்க்கில் இப்போது எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. எழுதியதை அது தானே திரும்பப் படித்து, தானே ஒப்பிட்டு, தானே பச்சை விளக்குப் போட்டுக்கொள்கிறது. யாரும் டிக் போட வேண்டியதில்லை. வீட்டில் யார் படுக்கையில் விழுந்தாலும் அதற்கு ஒன்றுமில்லை. நல்லதுதான். நிஜமாகவே நல்லதுதான் என்கிறார் அண்ணி.

மாற்றும் வேலை முடிந்ததற்கு ஓர் அறிக்கை தர வேண்டும். அதன் கடைசித் தாளில் மாற்ற முடியாத டேப்புகளின் பட்டியல். எண், தேதி, காரணம். ‘காரணம்’ என்ற கட்டம் மூன்று விரல் அகலம்தான் இருக்கும். ‘டேப் பழுது’ என்று எழுதினால் ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். அதில் பொய்யும் இல்லை. உண்மையை எழுதினால் விசாரணை வரும். வேலைக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. ஆனால் உண்மையை எழுதினால்தான் அந்த நாலாயிரம் பேருக்கும் ஆஸ்பத்திரி தகவல் சொல்லியாக வேண்டிவரும்.

“என்ன எழுதினீங்க அண்ணி?” என்று கேட்டேன். கதைக்கு முடிவு கிடைக்கப்போகிறது என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன்.

“அறிக்கை குடுத்தாச்சு. நான் எழுதினதைச் சொல்றேன்” என்றார். “அதுக்கு முன்னால, அந்தக் கட்டத்துல நீங்க என்ன எழுதுவீங்கன்னு சொல்லுங்க. யோசிச்சுச் சொல்லுங்க. அவசரமில்ல.”

அது நடந்து இரண்டு மாதமாகிறது.

எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டேப் பழுது. (அடித்துவிட்டேன்.) படித்துப் பார்க்கப்படவில்லை. (இது அண்ணியின் கையெழுத்தில்தான் இருக்க முடியும், என்னுடையதில் இல்லை.) பணியாளரின் குடும்பச் சூழ்நிலை கார— (மறுபடியுமா?) நோயாளியின் இளைய மகன் வரவில்லை. (கட்டத்துக்குள் அடங்குகிறது. ஆனால் எந்த நோயாளி, எந்த மகன் என்று ஆஸ்பத்திரிக்காரர்களுக்குப் புரியாது.)

ஆகவே அண்ணி என்ன எழுதினார் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே மறைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கும் அதே நிபந்தனைதான்: கட்டம் மூன்று விரல் அகலம், நீங்கள் எழுதுங்கள். யாரை நினைத்து எழுதுகிறீர்கள் என்பது உங்கள் பாடு. 

எனக்கு இதற்கு மேல் காகிதத்தில் ஓட்ட முடியவில்லை. போனை எடுத்து நம்பரைப் போட்டுவிட்டேன். மணி அடிக்கிறது. அம்மாவைப் பற்றி ஆரம்பிப்பதா, டேப்பைப் பற்றி ஆரம்பிப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எடுத்துவிட்டார்.

“சொல்லுங்க தம்பி” என்கிறார் அண்ணி.